கயிற்றின் கடைசி முடிச்சு

அன்றைக்குத் திருகோணமலைத் துறைமுக ஓரத்தில் நடந்தவர்கள் இவர்கள்.

கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஆயா. முதல் முடிச்சில் மிதுஷன். விட்டால் ஓடிவிடுவான், அதனால் அவனுக்கு எப்போதும் முதல் முடிச்சு. அடுத்து ஜெனிட்டா, மேரி அக்காவின் மகள். அடுத்து மேட்டு லயத்து வரிசை வீட்டு இரட்டைப் பிள்ளைகள் அகிலனும் அகிலாவும். அவர்களுக்கு இரண்டு முடிச்சு இருந்தது, ஆனாலும் ஒன்றைத்தான் இரண்டு பேரும் பிடித்தார்கள். அடுத்து டிலக்ஷன், வாயில் விரல். அடுத்து சஸ்மிதா. புதுச் சப்பாத்து காலைக் கடித்ததால் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு வந்தாள். அடுத்து குட்டி ரொஷான், வேனில் ஏறியதிலிருந்து அழுதுகொண்டே வந்தவன். கடைசி முடிச்சில் என் மகள் யதுஷா.

பின்னால் மேரி அக்கா. அவளுக்கும் பின்னால் நான். டிரைவர் அண்ணன் வேனில் இருந்துவிட்டார்.

பிள்ளைகள் எத்தனை பேர் என்று நான் எழுதப்போவதில்லை. ஆயாவுக்கு அது பிடிக்காது.

ஆயா என்பது அவருடைய பெயர் இல்லை. பதுளைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டவர் அவர். கொழுந்தெடுக்கப் போகிற பொம்பளைகள் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. ஆயாவுக்குப் பெயர் இருந்தது. தோட்டத்துப் புத்தகத்தில் எழுதியிருந்தது. கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. நானும் இங்கே எழுதவில்லை.

அவர் இப்போது இல்லை. அதற்குக் காரணம் நான். அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

ஆயா பிள்ளைகளை எண்ணமாட்டார். எண்ணத் தெரியாதவர் இல்லை. பிஸ்கட்டை எண்ணுவார். பால்மா கரண்டியை எண்ணுவார். காயப்போட்ட துணியை ஒண்ணு ரெண்டு என்று வாய்விட்டு எண்ணி எடுப்பார். பிள்ளைகளை மட்டும் மாட்டார். விரலை நீட்டி யாராவது எண்ணினால் அந்த விரலைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுவார்.

அதற்குப் பதிலாக அவரிடம் ஒரு பால்மா டின் இருந்தது. காம்பராவுக்குப் பின்னால் பழைய விதைத் தேயிலை கொஞ்சம் கவ்வாத்து வெட்டாமல் மரமாய் நின்றது. அதில் விழுகிற காய்களைப் பொறுக்கிக் காயவைத்து ஒரு சிரட்டையில் போட்டு வாசலில் வைத்திருப்பார். காலையில் பிள்ளையை விடும்போது சிரட்டையில் இருந்து ஒரு காயை எடுத்து டின்னில் போட வேண்டும். சாயங்காலம் பிள்ளையை எடுக்கும்போது டின்னில் இருந்து ஒரு காயை எடுத்துச் சிரட்டையில் போட வேண்டும். டின் காலியானால் ஆயா கதவைப் பூட்டுவார். காய் இருந்தால் பூட்டமாட்டார். அவ்வளவுதான் சட்டம்.

காலையில் பெரட்டுக்கு ஓடுகிற நேரத்தில் இது பெரிய தொல்லை. பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் அன்றைய வேலை போய்விடும். பிள்ளையை உள்ளே தள்ளிவிட்டு ஓடப் பார்ப்போம். பின்னால் இருந்து குரல் வரும்.

"காய் போட்டியா?"

"போட்டேன் ஆயா."

"சத்தம் கேக்கலையே."

திரும்பி வந்து போடுவோம். டின்னில் டங் என்று சத்தம் கேட்டால்தான் விடுவார்.

ஒரு முறை நலன்புரி ஐயா புத்தகத்தோடு வந்தார். நான் அன்றைக்குக் காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் காம்பராவில் கஞ்சி காய்ச்ச உதவிக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்குப் பிள்ளைங்க எத்தனை ஆயா?"

"இருக்காங்க ஐயா."

"இருக்காங்கன்னு தெரியுது. எத்தனை?"

"டின்ல பாத்துக்கங்க."

ஐயா டின்னைத் தரையில் கொட்டி எண்ணினார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து அவர் எண்ணுவதைப் பார்த்தார்கள். மிதுஷன் ஒரு காயை எடுத்து மூக்கில் விட்டுக்கொண்டான். அதை எடுக்க ஆயாவுக்கும் ஐயாவுக்கும் கால் மணி நேரம் ஆனது. ஐயா வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆயா, சோதனை பண்ண வந்தது நானா, நீங்களா?"

"நீங்கதான் ஐயா. கஞ்சி குடிச்சிட்டுப் போங்க."

இன்னொரு நாள், அந்தி நேரம், டின்னில் ஒரு காய் மிச்சம். காம்பராவில் பிள்ளை இல்லை. ஆயா பூட்டவில்லை. கீழ் லயத்தில் இருந்து தொடங்கி வீடு வீடாகப் போனார். மேட்டு லயத்தில் இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேரும் காலை நீட்டி உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். தகப்பன் ஒரு போத்தல் போட்டுவிட்டு வந்து இரண்டையும் இரண்டு தோளில் தூக்கி வந்திருக்கிறான். ஒரு காயை மட்டும் எடுத்திருக்கிறான்.

"ஒரு காய்க்கா ஆயா இம்புட்டு மேடு ஏறுனீங்க? நாளைக்கு ஒண்ணு குறைச்சுப் போட்டுட்டாப் போச்சு."

ஆயா அவன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவ்வளவு பெரிய ஆள், பின்னாலேயே போனான். அவனே டின்னில் கைவிட்டுக் காயை எடுத்துச் சிரட்டையில் போட்டான். லயமே சிரித்தது. அடுத்த ஒரு மாதம் அவனைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "காய் எடுத்தாச்சா மாமா?" என்று கேட்டார்கள்.

மிச்சம் ஒன்று இருந்தால் ஆயா திரும்பிப் போவார். நான் அறிந்த வரைக்கும் அவர் மற்ற எதற்கும் பிடிவாதம் பிடித்ததில்லை.

சுற்றுலாவுக்கு வேன் கொடுத்தது ஒரு உதவிக் குழு. பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம் என்று ஆயாவிடமே கேட்டார்கள்.

"நுவரெலியாவுல பார்க் இருக்கு ஆயா. ஊஞ்சல் இருக்கு. கிட்டத்தான்" என்றாள் மேரி அக்கா.

"கப்பல் பாக்கணும்."

"பிள்ளைங்களுக்குக் கப்பல் என்ன தெரியும்?"

"பிள்ளைங்களுக்கு இல்ல" என்றார் ஆயா.

அவர் தனக்கென்று ஒன்று கேட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அது ஆடி மாதம். மஹியங்கனையில் வேன் மகாவலியைத் தாண்டும்போது டிரைவர் அண்ணன் வேகத்தைக் குறைத்தார். "பாத்துக்கங்க. நம்ம பதுளு ஓயா தண்ணி இதுலதான் வந்து சேருது. இது போய் விழுறது எங்க தெரியுமா? நாம போற கடல்ல." பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். அதற்கு மேல் மிதுஷனுக்கு வேறு பேச்சு இல்லை. நம்ம தண்ணி வந்திருக்குமா, நம்ம தண்ணி வந்திருக்குமா என்று வழியெல்லாம் கேட்டான்.

ராத்திரி மேரி அக்காவின் கோயில்காரர்கள் ஒரு மண்டபத்தில் படுக்க இடம் கொடுத்தார்கள். காலையில் துறைமுக ஓரம் போனோம்.

வேனை ஒரு வாகை மரத்தடியில் விட்டோம். ஆயா விறகு கட்டுகிற கயிற்றை எடுத்து வந்திருந்தார். வீட்டிலேயே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். பிள்ளைக்கு ஒரு முடிச்சு. காய்களை மடியில் கட்டியிருந்தார். டின் வேனில். "கயித்த விட்டுப் பிள்ளைய எடுக்கிறதா இருந்தா என்கிட்ட வந்து ஒரு காயை வாங்கிட்டு எடுங்க. கொண்டு வந்து விட்டா காயைத் திருப்பித் தாங்க" என்றார். மேரி அக்கா என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்த ரோட்டின் ஒரு பக்கம் மரம், மறுபக்கம் தண்ணீர். கடல் என்றால் அலை அடிக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே அலை இல்லை. குளம் மாதிரி, ஆனால் முடிவு தெரியாத குளம். அக்கரையில் மலை இருந்தது. எங்கள் மலை மாதிரி உயரம் இல்லை, ஆனால் மலை. பிள்ளைகளுக்கு அதைப் பார்த்த பிறகுதான் பயம் போனது. ரோட்டில் மான்கள் மாடு மாதிரி திரிந்தன. ஒரு மான் சஸ்மிதாவின் கழுத்தில் தொங்கிய சப்பாத்தை முகர்ந்தது. அவள் அசையாமல் நின்று, அது போன பிறகு, "அது எனக்கு முத்தம் குடுத்துச்சு" என்றாள்.

மிதுஷன் கரையில் குனிந்தான்.

"ஆயாம்மா, இதுல நம்ம தண்ணி எது?"

ஆயா கொஞ்ச நேரம் பார்த்தார். தூரத்தில் ஒரு இடத்தில் தண்ணீர் வேறு நிறமாகக் கிடந்தது.

"அந்தா, மண்ணு நிறமா இருக்கே. அதுதான்."

"நான் ஓடையில ஒண்ணுக்குப் போனேனே, அதுவும் வந்திருக்குமா?"

"உன்னோடது முந்தா நாளே வந்திருக்கும்."

இரட்டைப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆயாவும் சிரித்தார். அவருக்கு முன்பல் ஒன்று இல்லை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவரைக்கும் அவர் அவ்வளவு வாய்திறந்து சிரித்து நான் கண்டதில்லை.

கொஞ்ச தூரம் போனதும் கப்பல் தெரிந்தது. சிவப்பு நிறம். எங்கள் தேயிலை ஃபேக்டரியைப் படுக்கவைத்து இரண்டாக அடுக்கினால் அவ்வளவு இருக்கும். தண்ணீரின் நடுவில் அசையாமல் நின்றது. ஆயா நின்றார். கயிறும் நின்றது.

மேரி அக்கா கேட்டாள். "அந்தக் காலத்துல ஒப்பந்தம் போட்டு அனுப்புனப்ப உங்க ஆளுங்க இந்தியாவுக்குப் போனது இந்த மாதிரி கப்பல்லயா ஆயா?"

"தெரியாது. நான் பாக்கலை."

பிறகு அவரே சொன்னார். கப்பலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எல்லாருக்கும் பாஸ்போட்டு வந்துச்சு. எனக்கு வரலை. பேப்பரு எழுதிக் குடுத்தவரு என் பேர விட்டுட்டாரு. சித்திகிட்ட விட்டுட்டுப் போனாங்க. அடுத்த கப்பல்ல கூப்பிட்டுக்கிறோம்னாங்க. பதுளை ஸ்டேஷனுக்குப் போறதுக்கு லொறி வந்துச்சு. பெட்டியெல்லாம் ஏத்துனாங்க. அம்மா லொறியில ஏறி நின்னு எங்காளுங்க எல்லாரையும் எண்ணுச்சு. விரலை நீட்டி எண்ணுச்சு. நான் கீழ நின்னேன். ரெண்டு தடவை எண்ணுச்சு. கணக்கு சரியா இருந்துச்சு. லொறி போயிருச்சு."

"அப்புறம் யாரும் வரலையா?"

"காகிதம் வந்துச்சு. ரெண்டு."

"அப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"யதுஷா அளவு இருப்பேன்."

யதுஷா தன் பெயரைக் கேட்டுத் தலையைத் திருப்பினாள். அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஊதியது. நெஞ்சுக்குள் ஊதிய மாதிரி இருந்தது. பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டு ஓடி ஆயாவின் சேலையில் விழுந்தார்கள். ரொஷான் மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு, "இன்னொருக்கா" என்றான்.

யதுஷா ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். பயத்தில் வயிறு கலங்கிவிட்டது. கவுன் நனைந்து காலில் வழிந்தது. நான் அவளைத் தூக்கினேன். ஆயாவிடம் போய்க் காய் வாங்க வேண்டும். ஆயாவைச் சுற்றிப் பிள்ளைகள். என் கையெல்லாம் அசிங்கம். ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். மேரி அக்காவும் பார்க்கவில்லை. பின்னால் மீன் காயப்போடுகிற ஒரு வாடி இருந்தது. அங்கே தண்ணீர்க் குழாய் இருக்கும் என்று போனேன். இல்லை. ஒரு சந்துக்குள் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு வீட்டுக்கார அம்மா கிணற்றடியைக் காட்டினார். கழுவி, கவுனை அலசிப் பிழிந்து, பிள்ளைக்கு என் துண்டைக் கட்டி, அந்த அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, சந்து வழியாகவே குறுக்கே நடந்து வேனுக்கு வந்தேன்.

வேனடியில் மேரி அக்கா தலையில் கைவைத்து நின்றாள். பிள்ளைகள் கயிற்றைப் பிடித்தபடி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கடி போன? எருமை! ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறதுக்கு வாயில்லையா?"

"பிள்ளை கழிஞ்சிட்டா அக்கா. கழுவப் போனேன். ஆயா எங்க?"

"இங்க வந்து தலையத் தொட்டுத் தொட்டுக் காயை டின்னுல போட்டுச்சு. ஒண்ணு கையில மிஞ்சிருச்சு. அம்மாகூடத்தான் இருக்கும் ஆயான்னேன். காய் வாங்கலையே, அவ பிள்ளையத் தேடித்தான் போயிருப்பான்னு சொல்லுச்சு. வந்த வழியில திரும்பிப் போயிருச்சு."

டிரைவர் அண்ணன் தேடிப் போனார். வெயில் ஏறியது. ரொம்ப நேரம் கழித்துத்தான் ஆயா வந்தார். இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தார். ஒரு கால் செருப்பு இல்லை. கூடவே ஒரு மீன்காரர் வந்தார்.

"இந்த மனிசி தண்ணிக்குள்ள இறங்கிட்டா பாருங்கோ. கட்டின வள்ளமெல்லாத்தையும் பிடிச்சு ஆட்டி அடியில பாக்கிறா. நீந்தத் தெரியுமோ எண்டு கேட்டன், தெரியாதாம். பிள்ளையக் கண்டுபிடிச்சாச்சோ?"

ஆயா என்னைப் பார்க்கவில்லை. என் இடுப்பில் இருந்த யதுஷாவின் தலையைத் தொட்டார். கையில் இருந்த காயை டின்னில் போட்டார். டங் என்று கேட்டது. பிறகு வேன் படியில் உட்கார்ந்தார். நனைந்த சேலையை இரண்டு கையாலும் பிழிந்தார்.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. சேலையைப் பிழிந்து முடித்த பிறகுதான் பேசினார்.

"செல்வி."

"என்ன ஆயா?"

"பிள்ளைய எடுத்தா காயை எடுத்திரு."

"சரி ஆயா."

"சத்தியமா?"

"சத்தியமா ஆயா."

அவ்வளவுதான். திரும்பி வரும்போது வேனில் எல்லாரும் தூங்கினார்கள். ஆயா மட்டும் முன் சீட்டில் உட்கார்ந்து, மகாவலியைத் தாண்டும்போது வெளியே எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் மறக்கவில்லை. காலையில் போட்டேன், சாயங்காலம் எடுத்தேன். ஆயா வாசலில் நின்று பார்த்துத் தலையை ஆட்டுவார். மற்றப் பொம்பளைகளிடம், "செல்விய பாருங்க, எப்புடிக் கத்துக்கிட்டா" என்பார். அப்படி ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. கார்த்திகை வரைக்கும்.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. மூன்றாம் நாளும் மலைக்குப் போனோம். நனையாமல் இருக்கப் படங்குச் சீட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கொழுந்து எடுத்தோம். பத்து மணி போல நான் எடுத்த தேயிலை நிரையின் ஓரத்தில் மண் கொஞ்சம் வாய் பிளந்திருந்ததைக் கண்டேன். விரல் போகிற அளவு. எனக்கு வேலை ஓடவில்லை. கங்காணியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

காம்பராவின் முன்பக்கத்துப் படியில் தண்ணீர் ஆறாக ஓடியது. பின்பக்கம் குசினி வழியாகப் போனேன். அடுப்படியில் யதுஷா மட்டும் குந்தியிருந்தாள். குளிர் காய வந்திருக்கிறாள். முன்னறையில் ஆயா ஒழுகுகிற இடத்தில் சட்டி வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். டின் முன்வாசலில் இருந்தது. என் மேலெல்லாம் சேறு. "ஆயா, பிள்ளைய எடுத்துட்டுப் போறேன்" என்று சொன்னேன். கூரைத் தகரத்தில் மழை. சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. பிள்ளையைப் படங்குக்குள் சுற்றிக்கொண்டு லயத்துக்கு வந்துவிட்டேன்.

மிச்சம் மேரி அக்கா சொன்னது. அவள் அன்றைக்குக் காம்பராவில் ஆயாவுக்கு உதவிக்கு நின்றாள்.

பின்பக்கத்துத் தேயிலை மரம் ஒன்று நின்ற நிலையிலேயே நகர்ந்ததாம். ஆயாதான் முதலில் கண்டார். கத்தவில்லை. "வாங்க, கப்பல் பாக்கப் போவோம்" என்று சொல்லிக் கயிற்றை எடுத்தார். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு முடிச்சைப் பிடித்தார்கள். டின்னைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மழைக்குள் கூட்டிப் போனார். ஓடையைத் தாண்டி மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஏற்றினார். அங்கே ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு டின்னில் இருந்து காயை எடுத்தார்.

"யதுஷா எங்க?"

"அவ அம்மா எடுத்துட்டுப் போயிருப்பா ஆயா."

"காய் இருக்கு."

"மறந்திருப்பா."

"மத்தவளுங்க மறப்பாளுக. செல்வி மறக்கமாட்டா. துறைமுகத்துல சத்தியம் பண்ணியிருக்கா."

கயிற்றின் முனையை மேரி அக்காவின் கையில் கொடுத்தார். டின்னையும் கொடுத்தார். "அடுப்படியில இருந்துச்சு. குளிருதுன்னு போச்சு" என்று சொன்னார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். மேரி அக்கா கத்தினாள். பிள்ளைகளை விட்டுவிட்டுப் பின்னால் போக அவளால் முடியவில்லை. ஆயா உள்ளே போவதைக் கண்டாள். ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தார் என்றாள். தேடியிருக்கிறார். பாய்க்குக் கீழே, தொட்டிலுக்குக் கீழே, விறகுக்குப் பின்னால், எல்லா இடத்திலும் தேடியிருப்பார். அவர் தேடுகிற விதம் எனக்குத் தெரியும்.

நான் லயத்தில் யதுஷாவுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். ஒரு லொறி கல்லைக் கொட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது. நிலம் ஒரு தரம் குலுங்கியது. அப்புறம் மழைச் சத்தம் மட்டும்.

சத்தம் கேட்டு மண்டபத்துக்கு வந்தவர்களிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு மேரி அக்கா ஓடி வந்தாள். வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். யதுஷா ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். மேரி அக்கா அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் தோண்டினார்கள். குசினி இருந்த இடத்தில்தான் கிடைத்தார்.

எங்களை எல்லாம் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். பெயர் எழுத ஒரு ஐயா வந்தார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"பிள்ளைக் காம்பராவுல அந்நேரம் எத்தனை பிள்ளைங்க இருந்தாங்க?"

இரட்டைப் பிள்ளைகளின் தகப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"எல்லாரும் இருக்காங்க ஐயா" என்றாள் மேரி அக்கா.

"ஆயாவுக்குச் சொந்தக்காரங்க?"

"இந்தியாவுல."

"அட்ரஸ் இருக்கா?"

இல்லை. அவருடைய பெட்டி, அந்த இரண்டு காகிதம், எல்லாம் மண்ணுக்கு அடியில். ஐயா ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நான்தான் காய் எடுக்காமல் வந்தவள் என்று மேரி அக்கா யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகத்தான் எல்லாரிடமும் சொன்னேன். பெயர் எழுத வந்த ஐயாவிடமும் சொன்னேன். அவர் பேனையை மூடிக்கொண்டு, "அதை எழுத இதுல இடமில்லம்மா" என்றார்.

மழை விட்ட பிறகு ஒரு நாள் ஓடைப் பக்கம் போனேன். தண்ணீர் இன்னும் மண் நிறமாகத்தான் ஓடியது. இது பதுளு ஓயாவில் சேரும். பதுளு ஓயா மகாவலியில் சேரும். மேற்கொண்டு நான் நினைக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

டின்னை மேரி அக்கா என் கையில் கொடுத்தாள். இப்போது இருக்கிற தகரக் கொட்டகையில் அது என் தலைமாட்டில் இருக்கிறது. யதுஷா சில நேரம் எடுத்துக் குலுக்கிப் பார்ப்பாள். அவளுக்குச் சட்டம் தெரியும்.

"அம்மா, நான்தான் வீட்டுக்கு வந்துட்டேனே. எடுத்துரவா?"

"வேணாம்."

"அப்ப ஆயாம்மா பூட்டமாட்டாங்களே."

"வச்சிரு."

அவள் வைத்துவிட்டுப் போவாள். நான் மூடியைத் திறந்து பார்ப்பேன். தெரிந்ததுதான், ஆனாலும் பார்ப்பேன். காய் ஒன்று.